ஹாரி ரைட்: பேஸ்பாலைச் சம்பள வேலையாக்கிய மனிதர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் வரலாற்றை எட்டிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற நாயகன் பேப் ரூத்தில் தொடங்கி அவரிடமே நின்றுவிடுகிறார்கள். ரூத் பிறந்தது 1895 பிப்ரவரியில். அதே ஆண்டு அக்டோபரில் ஹாரி ரைட் இறந்தார். இடைப்பட்ட எட்டு மாதங்களில்தான் இருவரும் ஒரே உலகில் இருந்தார்கள். ரூத் ஆடிய லீக், வாங்கிய சம்பளம், போட்ட சீருடை எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டவர்களில் முதல் வரிசை ஆள் ரைட். அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹாரி ரைட் யார்?

அமெரிக்காவில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடிய முதல் பேஸ்பால் அணியை 1869இல் சின்சினாட்டி நகரில் கட்டியவர். அந்த அணிக்குக் கேப்டன், மேனேஜர், சென்டர் ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நடுவில் நிற்பவர்) எல்லாம் அவரே. அப்புறம் பாஸ்டன், பிராவிடன்ஸ், பிலடெல்பியா என்று 1893 வரை 23 சீசன்கள் லீக் அணிகளை நடத்தினார்.

அவர் பிறந்தது இங்கிலாந்தில் என்கிறார்களே?

ஆமாம். 1835 ஜனவரி 10, ஷெஃபீல்ட் நகரம். முழுப்பெயர் வில்லியம் ஹென்றி ரைட். அப்பா சாமுவேல் தொழில்முறை கிரிக்கெட் ஆட்டக்காரர். ஹாரி சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க்குக்குக் கப்பலேறியது. அங்கே செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் அப்பாவுக்கு வேலை: உறுப்பினர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பது, மைதானத்தைப் பராமரிப்பது. பள்ளியைப் பதினான்கு வயதில் விட்ட ஹாரி நகை செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கூடவே அப்பாவுக்கு உதவியாளாகக் கிளப்பில் பந்து வீசினார்.

இந்தப் பின்னணியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆட்டத்துக்காகக் கூலி வாங்குவது அவர் வீட்டில் புதிய விஷயமோ அவமானமோ இல்லை. அப்பா அதைச் செய்துதான் குடும்பத்தைக் காப்பாற்றினார். பேஸ்பால் உலகமோ அப்போது வேறு மாதிரி இருந்தது. கனவான்கள் பொழுதுபோக்குக்காக ஆட வேண்டும், காசு வாங்கினால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதுதான் அங்கே பொதுக் கருத்து. கிரிக்கெட்டில் கண்ட நேர்மையான கூலி முறையை பேஸ்பாலுக்குக் கொண்டுபோகலாம் என்று ஹாரிக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

கிரிக்கெட்டை விட்டு பேஸ்பாலுக்கு எப்படி வந்தார்?

செயின்ட் ஜார்ஜ் கிளப் ஆடிய இடம் நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் இருந்த ஹோபோகன். அதே வட்டாரத்தில் நிக்கர்பாக்கர் என்ற பழைய பேஸ்பால் கிளப்பும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து ஆர்வம் வந்து, 1850களின் கடைசியில் அவர்களோடு சேர்ந்துவிட்டார். 1858இல் நியூயார்க் அணிக்கும் புரூக்ளின் அணிக்கும் இடையே ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் நடந்த தொடரிலும் ஆடினார். பார்வையாளர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்த முதல் பேஸ்பால் ஆட்டங்களாக அறியப்படுபவை அவை.

1865இல் சின்சினாட்டிக்குப் போனதுகூட கிரிக்கெட்டுக்காகத்தான். அங்குள்ள யூனியன் கிரிக்கெட் கிளப் ஆண்டுக்கு 1,200 டாலர் தருவதாகச் சொல்லி அழைத்தது. ஆனால் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு நாடெங்கும் பேஸ்பால் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஊர் பேஸ்பால் கிளப் அதே சம்பளத்தைக் கொடுக்க முன்வந்ததும் மாறிவிட்டார்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கால பேஸ்பாலை எப்படி விளக்குவது?

ஒன்பது பேர் கொண்ட அணி, ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேர் அவுட்டானால் எதிரணிக்கு பேட்டிங். பேஸ் எனப்படும் நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஒரு ரன். இதெல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மற்றவை வேறு. பந்து வீசுகிறவர் 45 அடி தூரத்திலிருந்து, கையைத் தோளுக்கு மேல் தூக்காமல், இடுப்புக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும். இன்றைய தூரம் 60 அடி 6 அங்குலம். கையுறை யாருக்கும் கிடையாது. பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் உட்பட எல்லோரும் வெறுங்கையால்தான் பிடித்தார்கள். விரல் உடைவது சகஜம். 1870இல் ஹாரியின் அணி கேட்சர் டக் அலிசன் மான்தோல் உறை போட்டுக்கொண்டு ஆடியதாகச் செய்தி உண்டு. கையுறை வரலாற்றில் அதுதான் ஆரம்பகாலக் குறிப்புகளில் ஒன்று. ஃபீல்டிங் இவ்வளவு கடினமாக இருந்ததால் ஸ்கோர்கள் எகிறும். ஒரு அணி 40, 50 ரன் எடுப்பது சாதாரணம்.

ஆட்டக்காரராக அவர் எப்படி?

நல்ல ஆட்டக்காரர், ஆனால் தம்பி ஜார்ஜ் அளவுக்கு இல்லை. 1867இல் கென்டக்கி மாநிலம் நியூபோர்ட்டில் ஒரே ஆட்டத்தில் ஏழு ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா முனைகளையும் சுற்றி வருவது) அடித்தார். எதிரணி பலவீனமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்தது அவருடைய பந்துவீச்சு. அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் ஏசா பிரெய்னார்ட் வேகமாக வீசுவார். பேட்டர்கள் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டார்கள் என்று தெரிந்ததும், சென்டர் ஃபீல்டிலிருந்து ஹாரி நடந்து வந்து பந்தை வாங்கி, மெதுவாகத் தொங்கி இறங்கும் பந்துகளைப் போடுவார். அவசரப்பட்டு மட்டையைச் சுழற்றி எத்தனையோ பேர் ஏமாந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பந்துவீச்சாளரை மாற்றி பேட்டரின் தாளத்தைக் கெடுப்பது இன்று எல்லா அணியும் செய்கிற வேலை. அதைத் திட்டமிட்டுச் செய்த முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அவருக்கு முன் யாரும் காசு வாங்கி ஆடவில்லையா?

வாங்கினார்கள், மறைத்து வாங்கினார்கள். 1860 வாக்கிலேயே நல்ல ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் போனது. பெயருக்கு ஒரு கடையிலோ அலுவலகத்திலோ வேலை போட்டுக் கொடுப்பார்கள். ஆள் அங்கே போகவே மாட்டார். டிக்கெட் வசூலில் பங்கு கொடுப்பதும் உண்டு. பேஸ்பால் கிளப்புகளின் தேசிய சங்கத்தின் விதி இதைத் தடை செய்தது, ஆனால் பெரிய கிளப்புகள் எல்லாம் மீறின.

கடைசியில் சங்கமே இறங்கி வந்து, 1869 சீசனிலிருந்து சம்பள ஆட்டக்காரர்களுக்கு அனுமதி கொடுத்தது. பல கிளப்புகள் பாதியளவு மாறின. சின்சினாட்டி கிளப் தலைவரான ஏரன் சாம்பியன் என்ற இளம் வழக்கறிஞரும் ஹாரியும் முழுசாக மாறினார்கள். அணியில் எல்லோருக்கும் ஒப்பந்தம், மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரை எட்டு மாதச் சம்பளம்.

யாருக்கு எவ்வளவு சம்பளம்?

பத்திரிகைகளில் வெளிவந்து, இன்றுவரை எடுத்தாளப்படும் பட்டியல் இது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்பவர்) ஜார்ஜ் ரைட் 1,400 டாலர், ஹாரி 1,200, பிரெய்னார்ட் 1,100, மூன்றாம் பேஸ் ஃபிரெட் வாட்டர்மேன் 1,000. சார்லி கூல்ட், சார்லி ஸ்வீசி, டக் அலிசன், ஆண்டி லெனர்ட், கால் மெக்வே ஐவருக்கும் தலா 800. மாற்று ஆட்டக்காரர் டிக் ஹர்லிக்கு 600. மொத்தம் 9,300 டாலர்.

தம்பிக்கு அண்ணனைவிட அதிகச் சம்பளம் என்பதைக் கவனியுங்கள். யாருக்கு எவ்வளவு பெறுமானம் என்று கணக்குப் போட்டபோது ஹாரி தன்னையும் விட்டுவைக்கவில்லை. பத்து பேரில் சின்சினாட்டிக்காரர் கூல்ட் ஒருவர்தான். மற்றவர்கள் வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். சொந்த ஊர்ப் பையன்கள் ஆடினால்தான் ஊர் அணி என்ற எண்ணமும் அந்த ஆண்டோடு ஆட்டம் கண்டது.

1869இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லையா?

தோற்கவில்லை. சங்கத்தில் இருந்த கிளப்புகளுக்கு எதிராக 57 வெற்றி என்பது வழக்கமான கணக்கு.

மே 31 அன்று கிழக்கு மாநிலங்களுக்குக் கிளம்பினார்கள். அங்கேதான் நாட்டின் பெரிய அணிகள் இருந்தன. ஜூன் 15 அன்று நியூயார்க்கின் மியூச்சுவல்ஸ் அணியை 4-2 என்று வென்றார்கள். சராசரியாக இரண்டு இலக்க ஸ்கோர்கள் வந்த காலத்தில் 4-2 என்பது மக்களை வாய்பிளக்க வைத்தது. ஃபீல்டிங் அவ்வளவு துல்லியம். வாஷிங்டனில் ஜனாதிபதி கிராண்டைச் சந்தித்தார்கள். ஊர் திரும்பியபோது 27 அடி நீளத்தில், ஆட்டக்காரர்களின் பெயர்கள் எழுதிய ஒரு ராட்சத மட்டையைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

செப்டம்பரில் கலிபோர்னியா. நாட்டின் இரு கரைகளையும் இணைக்கும் ரயில் பாதை அந்த ஆண்டு மே 10 அன்றுதான் முடிந்திருந்தது. ஐந்து மாதத்துக்குள் அதில் ஏறி சான் பிரான்சிஸ்கோ போய் ஆடிவிட்டு வந்தார்கள். அங்கே முதல் ஆட்டத்தில் ஈகிள்ஸ் அணியை 35-4 என்று அடித்தார்கள். சீசன் முழுக்கச் சுமார் 12,000 மைல் பயணம்.

ஒரே ஒரு கரும்புள்ளி ட்ராய் நகரத்து ஹேமேக்கர்ஸ் அணியோடு ஆகஸ்ட் 26 அன்று நடந்த ஆட்டம். 17-17 என்று சமனாக இருந்தபோது நடுவரின் ஒரு முடிவை எதிர்த்து எதிரணி மைதானத்தைவிட்டு வெளியேறியது. தோற்றால் பந்தயப் பணம் போய்விடுமே என்று வேண்டுமென்றே சண்டை கிளப்பினார்கள் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. நடுவர் ஆட்டத்தை சின்சினாட்டிக்குக் கொடுத்தார். சிலர் இதை வெற்றி என்றும் சிலர் டிரா என்றும் எழுதுவதால்தான் புத்தகத்துக்குப் புத்தகம் எண்கள் மாறுகின்றன.

அப்படியானால் கிளப் பணம் கொழித்திருக்குமே?

வரவு 29,726 டாலர் 26 சென்ட். செலவு 29,724 டாலர் 87 சென்ட். ஆண்டு முழுக்கத் தோல்வியே இல்லாமல் ஆடி, நாட்டையே சுற்றி வந்து, கடைசியில் மிஞ்சியது 1 டாலர் 39 சென்ட்.

இதைச் சிரிப்புக்காக மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய சாதனையாகத் தெரிகிறது. எல்லோருக்கும் முழுச் சம்பளம், ரயில் கட்டணம், ஹோட்டல் என எல்லாச் செலவையும் சரிக்கட்டி, புரவலர் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் ஒரு சீசனை நடத்த முடியும் என்று காட்டிய முதல் கணக்கு அது.

முதல் தோல்வி எப்படி வந்தது?

1870 ஜூன் 14, புரூக்ளினின் கேபிடோலின் மைதானம், எதிரணி அட்லாண்டிக்ஸ். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5-5. அட்லாண்டிக்ஸ் ஆட்டக்காரர்கள் டிரா போதும் என்று சந்தோஷமாகக் கிளம்பத் தயாரானார்கள். தலையாட்டியிருந்தால் தோல்வியில்லாத பயணம் தொடர்ந்திருக்கும். ஆனால் விதிப்படி ஆட்டம் தொடர வேண்டும் என்று ஹாரி நின்றார். விதிகளுக்குப் பொறுப்பாக இருந்த பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக்கும் அவர் சொன்னதே சரி என்றார்.

பதினோராவது இன்னிங்ஸில் சின்சினாட்டி இரண்டு ரன் எடுத்து 7-5. அடுத்து அட்லாண்டிக்ஸ் பேட்டிங். ஜோ ஸ்டார்ட் அடித்த பந்து வலது பக்கக் கூட்டத்துக்குள் புகுந்தது. எடுக்க ஓடிய மெக்வேயின் முதுகில் ஒரு பார்வையாளர் ஏறித் தொங்கினார் என்கிறார்கள். ஒரு ரன் போனது. அப்புறம் வந்த கேப்டன் பாப் ஃபெர்குசன் வழக்கமாக வலது கை ஆட்டக்காரர். பந்து ஷார்ட்ஸ்டாப் ஜார்ஜ் ரைட்டிடம் போகக்கூடாது என்பதற்காகவே இடது கைப் பக்கம் மாறி நின்று அடித்து ஸ்கோரைச் சமன் செய்தார். அடுத்த பந்தைத் தடுத்த கூல்ட் இரண்டாம் பேஸுக்குத் தவறாக எறிந்தார், ஃபெர்குசன் ஓடி வந்துவிட்டார். 8-7.

தொடர்ச்சியாக 81 வெற்றிக்குப் பிறகு வந்த தோல்வி என்பது பரவலான கணக்கு. கிளப் தலைவர் சாம்பியன் அன்றிரவு ஊருக்குத் தந்தி அனுப்பினார்: இதுவரை ஆடியதிலேயே மிகச் சிறந்த ஆட்டம், பையன்கள் அருமையாக ஆடினார்கள், தோற்றோம், ஆனால் தலைகுனிவில்லை என்பது அதன் சாரம்.

பிறகு ஏன் அந்த அணி கலைந்தது?

வெல்லவே முடியாத அணி என்ற பெயர் போனதும் கூட்டம் குறைந்தது. ஆட்டக்காரர்கள் கூடுதல் சம்பளம் எதிர்பார்த்தார்கள். கிளப்பின் புதிய நிர்வாகம் 1870 நவம்பரில் கணக்கைப் பார்த்துவிட்டு, இனி சம்பள அணி வேண்டாம் என்று அறிவித்தது.

மேனேஜராக அவர் அப்படி என்ன புதிதாகச் செய்தார்?

அணித் தேர்வு, பயிற்சி, ஆட்ட வியூகம் ஆகியவற்றோடு மற்ற ஊர் கிளப்புகளுக்குக் கடிதம் எழுதி ஆட்டத் தேதி பிடிப்பது, டிக்கெட் வசூலில் யாருக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவது, ரயில், ஹோட்டல், பந்து, சீருடை, மைதானத்துப் புல் வரை எல்லாமே அவர் தலையில்தான். ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அவற்றில் கணிசமானவை இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன.

ஆட்டத்தின் உள்ளே பார்த்தால், ஒரு ஃபீல்டர் பந்தை விட்டால் பின்னால் இன்னொருவர் நிற்க வேண்டும் என்பதைப் பழக்கமாக்கினார். பேட்டர் எங்கே அடிப்பார் என்று பார்த்து ஃபீல்டர்களை நகர்த்தினார். ஆட்டத்துக்கு முன் முறையான பயிற்சி வைத்தார். முழங்கால் வரையிலான கால்சட்டையும் சிவப்பு நீளக் காலுறையும் கொண்ட சீருடையைப் பிரபலமாக்கினார். முதலில் பார்த்தவர்கள் கிண்டல் செய்தார்கள். நீளக் கால்சட்டை ஓடும்போது காலைத் தட்டுகிறது, இது தட்டாது. சில ஆண்டுகளில் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள்.

ஆலோசனை கேட்டு எழுதிய இளைஞர்களுக்கு அவர் சொன்ன பதிலில் ஆட்ட நுணுக்கத்தோடு வாழ்க்கை முறையும் இருக்கும்: நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, குடியும் புகையிலையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டார். நடுவரோடு கத்திச் சண்டை போட்டதாக யாரும் சொன்னதில்லை. டிக்கெட் 50 சென்ட் என்பதில் மட்டும் விடாப்பிடியாக நின்றார். நல்ல ஆட்டம் வேண்டுமென்றால் அதற்கு விலை உண்டு, அந்த விலையைக் கொடுக்க மக்கள் வருவார்கள் என்று நம்பினார்.

பாஸ்டனில் என்ன நடந்தது?

அவருடைய பொற்காலம் அதுதான். 1871 ஜனவரியில் பாஸ்டனில் புதிய கிளப் தொடங்கிய ஐவர்ஸ் ஆடம்ஸ் ஹாரியையும் ஜார்ஜையும் அழைத்தார். அண்ணன் தம்பியோடு கூல்டும் மெக்வேயும் கிளம்பினார்கள். சின்சினாட்டி அணிக்கு இருந்த சிவப்புக் காலுறைகள் (ரெட் ஸ்டாக்கிங்ஸ்) என்ற பெயரும் கூடவே போனது. இல்லினாய்ஸ் மாநிலத்திலிருந்து ஆல் ஸ்பால்டிங் என்ற இளம் பந்துவீச்சாளரையும் ராஸ் பார்ன்ஸ் என்ற இரண்டாம் பேஸ் ஆட்டக்காரரையும் ஹாரி பிடித்து வந்தார்.

அந்த மார்ச்சில் தொடங்கிய முதல் தொழில்முறை லீகில் முதல் பட்டம் பிலடெல்பியாவின் அத்லெட்டிக்ஸ் அணிக்குப் போனது. ஜார்ஜின் கால் காயம் பாஸ்டனுக்குப் பெரிய அடி. அதன்பின் 1872, 73, 74, 75 நான்கு ஆண்டும் பட்டம் பாஸ்டனுக்கே. 1875இல் 71 வெற்றி, 8 தோல்வி. சொந்த மைதானத்தில் ஒரு தோல்விகூட இல்லை.

ஆனால் வெளியே லீக் அழுகிக்கொண்டிருந்தது. பத்து டாலர் கட்டினால் எந்த அணியும் சேரலாம். கட்டிய அணிகள் பாதியில் மூடிக்கொண்டு போயின. ஆட்டக்காரர்கள் அதிகப் பணம் கிடைக்கும் இடத்துக்கு நடு சீசனில் தாவினார்கள். மைதானத்திலேயே சூதாட்டம். பாஸ்டனே 1872இல் பட்டம் வென்றும் கடனில் நின்றது.

இங்கிலாந்துக்கு அணியை அழைத்துப் போனது உண்மையா?

உண்மை. 1874 கோடையில், சீசனின் நடுவே, பாஸ்டனும் அத்லெட்டிக்ஸும் கப்பலேறின. பிறந்த நாட்டுக்கு பேஸ்பாலைக் காட்ட வேண்டும் என்பது ஹாரியின் ஆசை. முன்னேற்பாடு செய்ய ஸ்பால்டிங்கை முன்கூட்டியே அனுப்பி வைத்தார்.

ஆங்கிலேயர்கள் பேஸ்பாலை மரியாதையோடு பார்த்துவிட்டு, கிரிக்கெட் ஆடுங்கள் பார்க்கலாம் என்றார்கள். லார்ட்ஸ் மைதானத்தில் எம்சிசி அணிக்கு எதிராக அமெரிக்கர்கள் பதினெட்டு பேராக ஆடினார்கள். அந்தக் காலத்தில் பலவீனமான அணிக்குக் கூடுதல் ஆட்களை அனுமதிப்பது வழக்கம். ரைட் சகோதரர்களைத் தவிர மற்றவர்களுக்கு கிரிக்கெட் அவ்வளவாகத் தெரியாது. கையில் கிடைத்ததைத் தூக்கி அடித்தார்கள், ஃபீல்டிங்கில் பறந்து பறந்து பிடித்தார்கள். பயணம் முழுவதும் கிரிக்கெட்டில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பண ரீதியாகப் பயணம் நஷ்டம்தான். பேஸ்பாலும் அங்கே வேர்விடவில்லை. ஆனாலும் தொழில்முறை அணிகளின் முதல் வெளிநாட்டுப் பயணம் அதுவே.

நேஷனல் லீக் வந்ததும் அவர் நிலைமை என்ன?

அடி விழுந்தது. 1875 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே சிகாகோவின் வில்லியம் ஹல்பர்ட் ரகசியமாகப் பேசி, ஸ்பால்டிங், பார்ன்ஸ், மெக்வே, டீக்கன் வைட் நால்வரையும் அடுத்த ஆண்டுக்கு வளைத்துவிட்டார். செய்தி கசிந்ததும் பாஸ்டன் ரசிகர்கள் கொதித்தார்கள். நால்வரும் மீதி சீசனை ஒழுங்காக ஆடி, பட்டத்தையும் வென்று கொடுத்துவிட்டே போனார்கள். ஹல்பர்ட் 1876 பிப்ரவரியில் நேஷனல் லீகை உருவாக்கினார். முதல் பட்டம் சிகாகோவுக்கு.

லீகின் முதல் ஆட்டத்தை வென்றது ஹாரியின் அணிதான்: 1876 ஏப்ரல் 22, பிலடெல்பியாவில் 6-5. புதுப் பந்துவீச்சாளர் டாமி பாண்ட் வந்ததும் 1877, 1878 பட்டங்கள் மறுபடி பாஸ்டனுக்கு. பாண்ட் இரண்டு ஆண்டும் தலா 40 ஆட்டம் வென்றார். ஏழு ஆண்டில் ஆறு பட்டம், அதிலும் நால்வரை இழந்தபின் இரண்டு. அவருடைய திறமைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை என்பேன்.

சூதாட்ட விவகாரங்களில் அவர் பெயர் அடிபட்டதுண்டா?

ஒருபோதும் இல்லை. ஆனால் அந்த விவகாரத்தின் மிக வேதனையான ஆவணம் அவருக்கு வந்த கடிதம். 1877இல் லூயிவில் அணி முதலிடத்தில் இருந்து சரிந்தது. பாஸ்டன் பட்டம் வென்றது. விசாரணையில் லூயிவில் ஆட்டக்காரர்கள் சிலர் காசு வாங்கி ஆட்டத்தை விட்டது தெரிந்து, நான்கு பேருக்கு வாழ்நாள் தடை. அதில் ஒருவர் பெரும் பந்துவீச்சாளர் ஜிம் டெவ்லின்.

அடுத்த பிப்ரவரியில் டெவ்லின் ஹாரிக்கு எழுதினார். எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதம். குளிர்காலம் முழுக்கக் கைக்கும் வாய்க்கும் போராட்டமாகக் கழிந்தது, என்னைப் பிச்சைக்காரனாக்கிவிட்டார்கள், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையாவது கொடுங்கள் என்று கெஞ்சுகிறார். தடை நீங்கவே இல்லை. பிலடெல்பியாவில் போலீஸ்காரராகச் சேர்ந்த டெவ்லின் 1883இல் இளம் வயதிலேயே இறந்தார். எல்லாக் கதவும் மூடிய ஒருவர் கடைசியாகத் தட்டிப் பார்க்கலாம் என்று ஹாரியின் கதவை நினைத்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம் என் மனதை விட்டுப் போவதில்லை.

தம்பியிடமே பட்டத்தை இழந்தாராமே?

1879இல். ஜார்ஜ் பிராவிடன்ஸ் அணிக்கு மேனேஜராகப் போனார்; ஜிம் ஓ'ரூர்க்கும் உடன் போனார். பிராவிடன்ஸ் முதலிடம், ஹாரியின் பாஸ்டன் இரண்டாமிடம். ஜார்ஜ் மேனேஜராக இருந்தது அந்த ஒரே ஆண்டு. விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் இறங்கி ரைட் அண்ட் டிட்சன் நிறுவனத்தைப் பெரிதாக வளர்த்தார். அவருடைய மகன் பீல்ஸ் ரைட் 1905இல் அமெரிக்க டென்னிஸ் சாம்பியன்.

பிலடெல்பியாவில் பத்து ஆண்டு இருந்தும் ஏன் பட்டம் இல்லை?

1881 வரை பாஸ்டன், அடுத்த இரண்டு ஆண்டு பிராவிடன்ஸ், 1884இல் பிலடெல்பியா. அவர் கையில் வந்தபோது அந்த அணி முந்தைய ஆண்டில் 17 வெற்றி, 81 தோல்வி என்ற நிலையில் இருந்தது. அதை மூன்று நான்கு ஆண்டில் தூக்கி நிறுத்தி, 1887இல் இரண்டாமிடத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நேரத்தில் அணியின் தூணாக இருந்த சார்லி ஃபெர்குசன் 1888 ஏப்ரலில் டைஃபாய்டில் இறந்துபோனார். பின்னாளில் எட் டெலஹாண்டி, சாம் தாம்சன், பில்லி ஹாமில்டன் என்ற அற்புதமான அவுட்ஃபீல்ட் மூவரணி அமைந்தது. மூவரும் பின்னர் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) இடம்பெற்றவர்கள். அவர்களுக்கு ஈடான பந்துவீச்சு அமையவில்லை.

பார்வை போனது என்கிறார்களே?

1890 மே மாதம் கண்ணில் கடுமையான அழற்சி வந்து பார்வை மங்கி, சில காலம் ஒன்றுமே தெரியாமல் போனது. சீசனின் ஏறக்குறைய பாதியை மற்றவர்கள் நடத்தினார்கள். கிளப் உரிமையாளர் ஆல் ரீச்சும் சில ஆட்டங்களுக்கு மேனேஜராக உட்கார்ந்தார். ஹாரி அந்த சீசனிலேயே திரும்பி வந்துவிட்டார். ஆனால் 1893 முடிவில் கிளப் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. லீக் அவருக்கு நடுவர்களின் தலைவர் என்ற பதவியைக் கொடுத்தது. 1895 அக்டோபர் 3 அன்று அட்லாண்டிக் சிட்டியில் நிமோனியாவால் இறந்தார். வயது 60. அடுத்த ஏப்ரலில் பல ஊர்களில் அவர் பெயரில் நினைவு ஆட்டங்கள் நடத்தி, வசூலில் சிலை எழுப்பினார்கள்.

மொத்தக் கணக்கு என்ன?

லீக் மேனேஜராக 1,225 வெற்றி, 885 தோல்வி. இதில் முதல் ஐந்து ஆண்டு பாஸ்டன் கணக்கு மட்டும் 225 வெற்றி, 60 தோல்வி. 1869, 70 ஆண்டுகள் லீகுக்கு முந்தையவை என்பதால் இதில் சேராது.

இவ்வளவு செய்தவர் புகழ்மண்டபத்துக்குப் போக ஏன் 1953 ஆனது?

ஜார்ஜ் 1937லேயே போய்விட்டார். ஹாரியின் புகழ் மட்டை, பந்து எண்களில் அடங்காதது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர் சாதித்ததில் பாதி கடிதங்களிலும் கணக்கு நோட்டுகளிலும்தான் இருக்கிறது. இன்னொரு காரணம், பிற்காலத்தில் ஸ்பால்டிங் போன்றவர்கள் பேஸ்பாலை முழுக்க முழுக்க அமெரிக்க மண்ணில் முளைத்த ஆட்டமாகக் காட்ட விரும்பினார்கள். ஷெஃபீல்டில் பிறந்த கிரிக்கெட்காரர் அந்தக் கதையில் எளிதாகப் பொருந்தவில்லை. பழைய ஆட்டக்காரர்களுக்கான குழு 1953இல் அவரைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு, பதினைந்து ஆண்டாவது தாமதமான முடிவு.

இன்றைய அணிகளில் அவர் கட்டியது எது?

பலர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்று நினைக்கிறார்கள். அது 1901இல் தொடங்கிய வேறு கிளப். பெயரை மட்டும் பழைய சிவப்புக் காலுறைகளை நினைவில் வைத்து எடுத்துக்கொண்டது. இன்றைய சின்சினாட்டி ரெட்ஸும் 1869 அணியின் நேரடித் தொடர்ச்சி இல்லை, பெயரும் பெருமையும்தான் தொடர்கின்றன. ஹாரி 1871இல் பாஸ்டனில் கட்டிய கிளப் 1953இல் மில்வாக்கிக்கும் 1966இல் அட்லாண்டாவுக்கும் இடம் மாறி, இன்று அட்லாண்டா பிரேவ்ஸ் என்ற பெயரில் நேஷனல் லீகில் ஆடிக்கொண்டிருக்கிறது.